மெர்வ் மன்றத்தை அடைத்த விதம்

கோதுமை விளைகிற சின்ன ஊரான யாராபினில் அந்த வருஷம் சுண்டெலி வந்ததைப் பற்றிக் கேட்டால் ஊர்க்காரர்கள் குறைத்துத்தான் சொல்வார்கள். கூட்டிச் சொல்ல இடமில்லை என்பதுதான் காரணம். கோதுமை நன்றாக விளைந்திருந்தது. அறுவடைக்குப் பிறகு வேண்டாத நேரத்தில் ஒரு மழை பெய்து, தாளுக்கு அடியில் சிந்திக் கிடந்த மணியெல்லாம் முளைவிட்டது. அதைத் தின்று பெருகிய சுண்டெலிகள் ஈஸ்டர் வாக்கில் வயலில் இடம் போதாமல் ஊருக்குள் வந்தன. காரின் விளக்கைப் போட்டால் தார்ச்சாலை எழுந்து ஓரமாக ஓடும். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால்தான் சாலை அங்கேயே இருப்பது தெரியும். ஊர்ப் பூனைகள் முதலில் தின்றன, பிறகு விளையாடின, கடைசியில் வழிவிட்டு ஒதுங்கி உட்கார்ந்துகொண்டன. கெல்வினுடைய மதுக்கடையில் ஒரு சுண்டெலி சாயங்காலம் தோறும் ஒரே முக்காலியில் வந்து உட்காரும். ஏன் விரட்டவில்லை என்று கேட்டால் கெல்வின், "இருந்துட்டுப் போவட்டும்பா. அது ஒண்ணுதான் இந்தக் கடையில மழையைப் பத்திப் பேசாம இருக்கு" என்பார்.

கட்டில் கால்களைத் தண்ணீர் டப்பாவில் நிறுத்தித்தான் ஊர் தூங்கியது. காற்சட்டைக் கால்களைக் கயிற்றால் இறுக்கிக் கட்டாமல் எந்த ஆண்பிள்ளையும் கொட்டகைக்குள் போகவில்லை. கட்டாமல் ஒருமுறை போனவர்கள் அந்த ஒருமுறையைப் பற்றிப் பேசுவதில்லை.

மெர்வ் ட்ரெகியா ஒருவர் மட்டும்தான் அந்த மாதத்தில் நிமிர்ந்து நடந்தார். நிலத்தை மகனிடம் விட்டுவிட்டு மனைவி பெவ்வோடு ஊருக்குள் குடியேறிய கோதுமைக்காரர் அவர். சும்மா இருப்பது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஊர்க் கூட்டங்கள் நடக்கிற மன்றக் கட்டடத்தைப் பராமரிக்கிற பொறுப்பை வாங்கிக்கொண்டார். அதிலும் கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவதைத் தவிரப் பெரிதாக வேலை இல்லை. ஆகவே சுண்டெலி வந்தபோது ஊரே தலையில் கைவைத்தது, மெர்வ் மட்டும் தொப்பியைத் தட்டித் தலையில் வைத்தார். முன்பு வந்த எலிப் படையெடுப்புகளை வயலில் நின்று பார்த்தவர். வீடு வீடாகப் போனார். வாளிப் பொறி வைக்கக் கற்றுக்கொடுத்தார்: பாதி வாளி தண்ணீர், குறுக்கே ஒரு கம்பி, கம்பியில் கோத்த காலி பாட்டில், பாட்டிலின் மேல் விரலால் தடவிய வேர்க்கடலை வெண்ணெய். சுண்டெலி வெண்ணெய்க்கு எட்டும், பாட்டில் உருளும், அத்தோடு அதன் கவலை தீர்ந்தது.

"மொதல்ல புடி," என்பார் ஒவ்வொரு வாசலிலும், விரலை ஆட்டி. "வாளியில ஒண்ணுமே விழாத நாள் வரைக்கும் புடி. அப்புறம்தான் ஓட்டைய அடைக்கணும். மாத்திச் செஞ்சீன்னா, வீட்டுக்குள்ள எலிப் பண்ணை வெச்ச மாதிரி."

பென்சில் நுழைகிற ஓட்டைகூட விடக்கூடாது என்பது அவர் கட்சி. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைச் சுருட்டி ஓட்டையில் திணித்து, மேலே சிமெண்ட் பூசுவார். ஊர்க் கடையில் கம்பி நார் தீர்ந்துபோய், பெண்கள் கரிப்பிடித்த சட்டிகளை வைத்துக்கொண்டு அவரைத் திட்டினார்கள். அந்தத் திட்டும் மெர்வுக்கு இனித்தது.

மன்றத்துக்கு அடுத்த வீடு ஹெட்டி நோஸ்கேயுடையது. கணவர் போனபிறகு ஹெட்டி தனியாள். மன்றத்துச் சுவரை ஒட்டியிருந்த வெற்று நிலத்துண்டு மன்றத்துக்குச் சொந்தம். மன்றக் கமிட்டியின் அனுமதியோடு அதில் கம்பிவலை கட்டிக் கோழி வளர்த்தார். ஹெட்டி நாளெல்லாம் யாரோடு பேசினார் என்று பார்த்தால் அந்தக் கோழிகளோடுதான். கோழித் தீவனம் இருக்கிற இடம் சுண்டெலிக்குக் கல்யாண வீடு என்பதால் மெர்வ் முதலில் சோதித்த இடம் அதுதான். தீவனம் இரும்புத் தொட்டியில், மூடிக்குக் கொக்கி போட்டு இருந்தது. தரையில் ஒரு மணி சிந்தவில்லை. மெர்வ் மூடிமேல் ஏறி நின்று குதித்தே பார்த்துவிட்டார்.

"இந்த ஊர்ல ஒருத்திக்காவது மூளை இருக்கு," என்றார்.

"ஒருத்தனுக்கு இல்ல. எறங்குடா, மூடி நெளியுது," என்றார் ஹெட்டி. இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

இலையுதிர் காலக் கண்காட்சி வந்தது. யாராபின் கண்காட்சியில் காளை உண்டு, ஆட்டு ரோமம் உண்டு, மரம் வெட்டும் போட்டி உண்டு. ஆனால் ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது பழக் கேக்குக்குத்தான். எல்லாரும் ஒரே செய்முறைப்படி செய்யவேண்டும். உலர்திராட்சையைக்கூடச் சொன்ன அளவுக்குத்தான் நறுக்கவேண்டும். முந்தின நாளே கேக்குகளைக் கொண்டுவந்து மன்றத்தில் வைத்துக் கதவைப் பூட்டிவிடுவார்கள். காலையில் வெளியூர் நடுவர் வந்து வெட்டிப் பார்த்துப் பரிசு ரிப்பன் குத்தியபிறகுதான் ஊருக்குக் கதவு திறக்கும். சுண்டெலிக்கு நடுவே இது நடக்குமா என்று மாதர் சங்கத் தலைவி கோரல் பென்னிக்குக் கவலை.

"மெர்வ், உங்களால முடியுமா, முடியாதா? முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க. இந்த வருஷம் கேக் வேணாம்னுடறோம்."

கேக் இல்லாத கண்காட்சி தன் பொறுப்பில் நடந்ததாக ஊர் சொல்வதை மெர்வ் நினைத்துப் பார்த்தார். "ஈ நுழையாம அடைச்சுத் தர்றேன், அம்மணி," என்றார்.

அடுத்த நாள் மன்றத்துக்குள் போய் டார்ச் அடித்துப் பார்த்தார். மேடை ஓரம், நாற்காலி அடுக்கின மூலை, சமையலறை அலமாரிக்குக் கீழே என்று எங்கும் ஒரு புழுக்கை இல்லை. அவ்வளவு சுத்தம். வாளி வைத்து ஒரு வாரம் பார்க்கவேண்டும் என்று அவரே ஊருக்குச் சொன்னதுதான். ஆனால் கண்காட்சிக்கு ஒரு வாரம் இல்லை. அதோடு இவ்வளவு சுத்தமான இடத்தில் வாளி வைப்பது மன்றத்தை அவமதிப்பது போலவும் பட்டது. மாதர் சங்கத்துப் பெண்கள் தினமும் விடிந்ததும் வந்து புழுக்கைகளைக் கூட்டி அள்ளி, தரையை மெழுகித் துடைத்துவிட்டுப் போவது அவருக்குத் தெரியாது. அவர்களும் சொல்லவில்லை. மன்றத்தில் எலி என்பது வாயால் சொல்கிற விஷயமா? துடைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிற விஷயம்.

ஒரே பகலில் வெளிப்புறத்தைச் சுற்றி அத்தனை ஓட்டையும் அடைத்தார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. கடைசி ஓட்டை ஹெட்டி வீட்டுப் பக்கம், தரையை ஒட்டி. மெர்வ் கம்பி நாரைக் கொஞ்சம் கூடுதலாகவே சுழற்றித் திணித்துப் பூசிவிட்டு எழுந்தபோது கோரல் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

"உள்ள பாத்தீங்களா?" என்றார் பெவ், வீட்டுக்கு வரும் வழியில்.

"ஒரு புழுக்கை இல்ல."

"ம்," என்றார் பெவ். கல்யாணமான நாளிலிருந்து அந்த 'ம்'முக்கு மெர்வ் அர்த்தம் தேடிக்கொண்டிருந்தார். தேடினதுதான் மிச்சம்.

கண்காட்சி நாள் காலையில் கோரல் மன்றத்தைத் திறந்தார். மெர்வ் தன் நல்ல காற்சட்டையும் டையும் போட்டுக்கொண்டு கதவருகே நின்றார், பாராட்டு வந்தால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று. ஹெட்டியும் கமிட்டிக்காரர்களும் பின்னால் நின்றார்கள். நீள மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கேக்குகள் வரிசையாக, பளபளவென்று, வைத்தது வைத்தபடி இருந்தன. நடுவர் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் கேக்கின் மேல் கத்தியை வைத்தார். அது கோரலுடைய கேக். கத்தியின் கனத்துக்கே கேக் பெருமூச்சு விட்டதுபோல் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

உள்ளே ஒன்றும் இல்லை. மேல் ஓடு மட்டும் மிச்சம். சுண்டெலிகள் தட்டை ஒட்டி அடியில் துளையிட்டு ஏறி, உள்ளே தின்று, வெளிச்சுவரை மரியாதையாக விட்டுவைத்திருந்தன. இரண்டாவது கேக்கும் அப்படியே. மூன்றாவதை வெட்டியபோது குளித்துக்கொண்டிருக்கையில் கதவை யாரோ திறந்துவிட்டதுபோல் ஒரு சுண்டெலி நடுவரை நிமிர்ந்து பார்த்தது. வாயில் ஒரு திராட்சை. நடுவர் கத்தியைக் கீழே வைத்தார். "நறுக்கினது சரியான அளவுதான்," என்று சொல்லிவிட்டு வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்.

எல்லாக் கண்களும் மெர்வ் பக்கம் திரும்பின.

"ஈ நுழையாதுன்னீங்களே," என்றார் கோரல். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

மெர்வின் காது இரண்டும் சுட்டன. கண் எங்கேயோ ஓடி ஜன்னலில் போய் நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஹெட்டியின் கோழிகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன.

"நான் அடைச்சதுல குத்தம் இல்ல," என்று தன் வாய் சொல்வதை மெர்வ் கேட்டார். "ஆனா சுவத்தை ஒட்டிக் கோழியும் தீவனமும் வெச்சுக்கிட்டு எலிய விருந்துக்குக் கூப்பிட்டா, மனுஷன் எவ்வளவுதான் அடைப்பான்?"

கூட்டம் அப்படியே ஹெட்டி பக்கம் திரும்பியது. எவ்வளவு சுலபமாகத் திரும்பியது என்பது மெர்வுக்கே திகைப்பாக இருந்தது. ஹெட்டி மெர்வைத்தான் பார்த்தார். தொட்டி மூடியின்மேல் குதித்த ஆள் இப்போது ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தார். மெர்வ் தன் ஷூவைப் பார்த்தார். நன்றாகப் பாலிஷ் போட்ட ஷூ.

ஹெட்டி மேசையிலிருந்து தன் தட்டை, அதன் மேலிருந்த கேக் ஓட்டோடு எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கே கமிட்டி பேசி முடிவெடுத்துவிட்டது: அடுத்த கூட்டத்துக்குள் மன்றத்து இடத்திலிருந்து கோழிகள் போகவேண்டும்.

மறுநாள் ஊரார் தேவாலயத்தில் இருந்த நேரத்தில் மெர்வ் மன்றத்தைச் சுற்றி வந்தார். ஹெட்டி வீட்டுப் பக்கம் ஒரு ஓட்டை இருந்துவிட்டால் போதும். தான் சொன்னது பொய் இல்லை என்று ஆகிவிடும். மண்டியிட்டு, முழங்காலில் நகர்ந்து, ஒவ்வொரு அடைப்பையும் தடவினார். ஒரு நார் கலையவில்லை. சிமெண்டில் ஒரு கீறல் இல்லை. வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக அவர் எந்த வேலையும் செய்ததில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

கடைசி அடைப்பை உளியால் நெம்பி வெளியே எடுத்தார். வெளிப்பக்கம் புதுசாக இருந்தது. உள்பக்கம் நார் கடித்துக் குதறப்பட்டு, அதைச் சுற்றியிருந்த பலகையில் சின்னச் சின்னப் பல்தடங்கள் நெருக்கமாக ஓடின. எல்லாம் உள்ளேயிருந்து. வெளியே போக வழி தேடிய பல். ஓட்டைக்குள் டார்ச் அடித்தார். மேடைக்கு அடியில், போன வருஷக் கண்காட்சியில் மூட்டையின் எடையை ஊகிக்கும் போட்டிக்கு அவரே நன்கொடையாகக் கொடுத்த கோதுமை மூட்டை, காலியான தோலாகச் சரிந்து கிடந்தது. அதைச் சுற்றி ஒரு இருட்டு. டார்ச் பட்டதும் இருட்டு நகர்ந்தது.

மெர்வ் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஊருக்கெல்லாம் விரலை ஆட்டிக் கூடாதென்று சொன்ன அந்த ஒன்றை அவரே செய்திருந்தார். உள்ளே இருந்ததைப் பிடிக்காமல் கதவை அடைத்திருந்தார். தீனி தீர்ந்ததும் அவை கேக்கைத் தேடி மேலே வந்திருக்கின்றன. ஹெட்டியின் கோழிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

"கெடச்சுருச்சா!"

கோரல் தேவாலயத்திலிருந்து நேராக வந்து நின்றார். மெர்வின் கையில் பிய்ந்த நாரும், சுவரில் திறந்த ஓட்டையும், ஓட்டைக்கு எதிரே கோழிக் கூண்டும். "நேரா அவ கூண்டப் பாத்து! நீங்கதான் சொன்னீங்களே. பாவம் நீங்க, உங்கமேல கோவப்பட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்க."

இந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். 'இது நான் இப்ப எடுத்தது, கோரல்.' அந்த வாக்கியம் மெர்வின் நாக்கு வரைக்கும் வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"பரவால்ல," என்றார். மன்னித்துவிட்டார்.

பிறகு நாரைத் திரும்ப உள்ளே திணித்தார். என்னதான் இருந்தாலும் கைப்பழக்கம்.

அன்றிலிருந்து மன்றத்துக்குள் வாளி வைத்தார்கள். தினமும் வாளி நிறைந்தது. ஓட்டை அடைத்தபிறகும் நிறைகிறதே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. "ஹெட்டி வீட்டு எலி, தீனி தின்னு வளந்தது, லேசுல போகாது," என்றார் கெல்வின். மதுக்கடையில் மெர்வுக்கு முதுகில் தட்டு விழுந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குள்ளமானார். வாரக் கடைசியில் தொப்பி பெரிதாகிவிட்டதாகப் பெவ்விடம் குறைப்பட்டுக்கொண்டார். பெவ் தொப்பியை வாங்கிப் பார்த்து, "ம்," என்றார். ஆனால் இந்தத் தடவை அர்த்தம் கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது.

கூட்டத்துக்கு முந்தின நாள் ஹெட்டி கோழிகளைப் பெட்டிகளில் போட்டுக் கைவண்டியில் வைத்துத் தெருத் தெருவாகத் தள்ளிக்கொண்டு போனார். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். கடைசியில் மெர்வ் வீட்டு வாசலில் வண்டி நின்றது. பெட்டியில் ஒரு செம்மண் நிறக் கோழி.

"இது பெவ்வுக்கு," என்றார் ஹெட்டி. "முட்டை பெருசா போடும். கொஞ்சம் முன்கோபி. நீ கத்துற சத்தம் அதுக்குப் பழகிப்போச்சு, பக்கத்து மன்றத்துலதானே கத்திட்டு இருந்தே."

"வேணாம், ஹெட்டி."

"வேணாம்னா எங்க வெப்பேன்? சொல்லு." ஹெட்டி பெட்டியைப் படியில் வைத்தார். "அந்த மூடிமேல நின்னு குதிச்சியே, மெர்வ். இன்னிக்குச் சொல்லுவான், நாளைக்குச் சொல்லுவான்னு பாத்துட்டு இருந்தேன். அதான் இவ்வளவு நாள் கோழியக் குடுக்காம வெச்சிருந்தேன்."

காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். சக்கரம் ஒன்று கிறீச்சிட்டது. கீலுக்கெல்லாம் எண்ணெய் விடுகிற மெர்வ் படியிலேயே நின்றார். அந்தச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

கூட்டம் மன்றத்தில், தேநீரோடு. ஹெட்டி வரவில்லை. கோரல் தட்டில் ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மெர்வ் எழுந்து நின்றார்.

"ஒண்ணு சொல்லணும். எலி ஹெட்டி வீட்லேர்ந்து வரல. உள்ளயே இருந்துச்சு. நான்தான் பாக்காம அடைச்சிட்டேன். அந்த ஓட்டையும் நான் நெம்பினதுதான்."

கோரலின் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா, எவ்வளவு பெரிய மனசு! அவளுக்காகப் பழியைத் தன் தலைமேல போட்டுக்கறாரு."

"இல்ல கோரல், நிஜமாவே..."

"பெவ்," என்று கெல்வின் பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார், "ஆள் மேல ஒரு கண்ணு வெய்யி. அடுத்த வீட்டுக் கோழிக்கே இப்படி உருகறாரு."

மன்றம் சிரித்தது. ஒருவர் கைதட்ட ஆரம்பித்தார். போனமுறை தட்டியது போலவே எல்லாரும் தட்டினார்கள். மெர்வ் நடுவில் நின்றார். தப்பு செய்தபோது கிடைத்ததும் கைதட்டல், ஒப்புக்கொண்டால் கிடைப்பதும் கைதட்டல். இந்த ஊரில் ஒரு மனுஷன் கேவலப்படவேண்டும் என்றால் என்னதான் செய்வது? அவர் பெவ்வைப் பார்த்தார். பெவ் சிரிக்கவில்லை, கைதட்டவும் இல்லை. சுவரோரம் சாத்தியிருந்த கடப்பாரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெர்வ் போய் அதை எடுத்தார். மேடையின் முகப்புப் பலகைக்குக் கீழே முனையைக் கொடுத்து, உடம்பின் எடை முழுவதையும் போட்டு அழுத்தினார். பலகை முனகியது. ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பலகை விழுந்தது.

அப்புறம் நடந்ததை யாராபின்காரர்கள் பல விதமாகச் சொல்வார்கள். மேடையே வெளியே வழிந்தது என்பார்கள் சிலர். சாம்பல் நிறத்தில் ஒரு வெள்ளம் தரையில் பரவி, நாற்காலிக் கால்களைச் சுற்றிக்கொண்டு, ஸ்கோன் தட்டு வரைக்கும் ஏறி, ஜாமில் கால் தடம் பதித்துவிட்டுப் போனது. கெல்வின் மேசைமேல் நின்றார். கோரல் கெல்வின் மேல் நின்றார். மன்றத்துக்குள் கூட்டம் என்பதால் யாரும் காற்சட்டைக் கால்களைக் கயிற்றால் கட்டியிருக்கவில்லை. ஆனால் வெள்ளத்துக்கு நேர் எதிரே நின்றவர் மெர்வ் ஒருவர்தான். முதலில் ஒன்று காற்சட்டையின் இடது காலுக்குள் ஏறியது. பிறகு வலதில். பிறகு எண்ணுகிற நிலை போய்விட்டது. மாதர் சங்கம் முழுவதற்கும் முன்னால், மன்றப் பொறுப்பாளர் மெர்வ் ட்ரெகியா, கடப்பாரையைக் கீழே போட்டு, கட்டின டையோடு, காற்சட்டையைக் கணுக்கால் வரைக்கும் இறக்கினார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அது அவர் எதிர்பார்க்காதது. சுண்டெலிகள் கதவு வழியாகத் தெருவுக்கு ஓடி முடிக்கும் வரைக்கும் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குனிந்து காற்சட்டையை ஏற்றிக்கொண்டார்.

"அப்ப அது நெசமா," என்றார் கோரல், மேசையிலிருந்து இறங்கி. "நான் வந்து கேட்டப்போ, பரவால்லன்னீங்க."

"ஆமா."

"உங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்."

"ஆமா, கோரல்."

கோரலின் முகம் சிவந்தது. அது கோபம் மட்டும் இல்லை என்று மெர்வுக்குத் தெரிந்தது. தினமும் பெருக்கி அள்ளிய பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வாயைத் திறக்கவில்லை, மெர்வும் கேட்கவில்லை. பெவ்தான் பேசினார், கைப்பையை மாட்டிக்கொண்டே: "கோழியெல்லாம் பொழுது சாயறதுக்குள்ள வந்து சேரணும். கைவண்டி ஹெட்டி வீட்டு வாசல்ல இருக்கு."

கைவண்டியை எடுக்கப் போனபோது ஹெட்டி கதவைத் திறக்கவில்லை. மெர்வ் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனார். எலி பிடிக்கக் கற்றுக்கொடுத்த அதே வாசல்கள். கோழியைத் திருப்பிக் கேட்டால் ஏன் என்று கேட்கத்தானே செய்வார்கள்? ஒவ்வொரு வாசலிலும் முதலிலிருந்து சொல்லவேண்டியிருந்தது. கூட்டத்துக்கு வராதவர்கள் உட்காரவைத்துக் கேட்டார்கள். ஒருவர் புரியவில்லை என்று இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார். புரியாமல் இல்லை. தன் மனைவி சமையலறையிலிருந்து வந்து கேட்கட்டும் என்று.

கடைசி வீடு கோரலுடையது. கதவைத் திறந்ததுமே வாசனை வந்துவிட்டது. அடுப்பில் உருளைக்கிழங்கோடு சுட்ட கோழி வாசனை.

"சாயங்காலம் விருந்தாளிங்க வர்றாங்கன்னு காலையிலேயே..." கோரல் முடிக்கவில்லை. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு குடுத்தா. ஒண்ணு இருக்கு. கொண்டாரேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் அந்த ஒன்றைப் பெட்டியில் போட்டார்கள்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஹெட்டி இந்தத் தடவை வெளியே வந்து, கூண்டின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெர்வ் ஒவ்வொரு பெட்டியாகத் திறக்க, கோழிகள் கழுத்தை நீட்டி, இதென்ன பெரிய விஷயம் என்பதுபோல் உள்ளே நடந்தன. பெவ் செம்மண் நிறக் கோழியைத் தன் கையிலேயே கொண்டுவந்து விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். ஹெட்டி கதவைச் சாத்தவில்லை. இன்னும் யாருக்கோ காத்திருந்தார்.

"ஒண்ணு கொறையுது," என்றார்.

"ஆமா."

"எது?"

"புள்ளி போட்டது. கோரல் வீட்ல... அடுப்புல இருக்கு. தப்பு என்னுது, ஹெட்டி. எல்லாமே என்னுது. எல்லா வீட்லயும் சொல்லிட்டேன்."

"புள்ளி போட்டதா," என்றார் ஹெட்டி. "மேபல்." கூண்டைப் பார்த்தார். கோழிகள் கட்டைமேல் ஏறி, நெருக்கிக்கொண்டு, ஓர் இடத்தைக் காலியாக விட்டு உட்கார்ந்தன. அல்லது மெர்வுக்கு அப்படித் தோன்றியது. "வயசானவ. ரிப்பன் வாங்கினவ. அவசர அவசரமா சுட்டா மெல்ல முடியாது. நல்லா வெந்துச்சாமா?"

"கேக்கல."

"போய்க் கேட்டுட்டு வா."

"ஹெட்டி..."

"இப்பவே போ. விருந்தாளிங்கல்லாம் உக்காந்திருப்பாங்க. எல்லார் முன்னாலயும் கேளு. 'ஹெட்டி கேக்கச் சொன்னா, மேபல் நல்லா வெந்தாளா'ன்னு அப்படியே கேக்கணும். என்ன சொல்றாங்களோ வந்து எங்கிட்ட சொல்லு. நான் இங்கதான் நிப்பேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. வேடிக்கையும் இல்லை. கோழி நன்றாக வெந்ததா என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவேண்டியிருந்தது.

மெர்வ் தொப்பியைக் கழற்றினார். திரும்பப் போட்டார். மறுபடி கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தெருவில் எல்லா வீட்டு முன்பக்கத்திலும் ஆட்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கைவண்டி இல்லாமல் போகிறாரே, இப்போது எங்கே என்று பார்த்தார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. கோரல் வீட்டுச் சாப்பாட்டு அறையில் விளக்கு எரிந்தது, ஜன்னல் வழியாகத் தட்டுச் சத்தமும் பேச்சும் கேட்டது. மெர்வ் படியேறிக் கதவைத் தட்டினார். உள்ளே பேச்சு நின்றது.